கேசட்டுக்குள் உழுது கிடக்கும் கொல்லை

தம்பி,

முதலில் மன்னித்துக்கொள். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை, நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். ஹாஸ்டலில் உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு இதைக் கொடுத்து, கூட இருக்கும் பையன்கள் யாராவது சிரித்திருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். நம் ஊர்க்காரர்கள் எல்லோருடைய தபாலும் என் கை வழியாகத்தான் போகிறது, வருகிறது. முத்திரை குத்திக் குத்தி உள்ளங்கை ஓரம் காய்த்துக்கூடப் போயிருக்கிறது. ஆனால் நானாக யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை என்பது இன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை நான். கேட்க வாயெடுத்தால் "சாப்டியா, இன்னா கொழம்பு" என்றுதான் வருகிறது. அதோடு நான் போனை எடுத்தாலே உன் நைனா, "ஸ்பீக்கர்ல போடுமே" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் கேட்கப்போவது அவர் சம்பந்தப்பட்டது. அவர் காதில் விழுந்தால், "பையன் ஒண்ணு சொன்னா சொன்னதுதான், வுடு" என்று முடித்துவிடுவார். அவருக்குக் கண் தெரியாமல் போனதிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் படித்துக் காட்டுகிறேன். இதை மட்டும் படித்துக் காட்டப்போவதில்லை. என்ன கேட்கப்போகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நேராகப் போய்க் கேட்க எனக்கு வராது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

நீ வேலைக்குப் போன பிறகு தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். "பையன் கம்பெனியில சேந்துட்டானாமே. உங்க வூட்ல இப்ப படிச்சவங்க ரெண்டு பேரு" என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் நான் அதிகமாகப் பெருமைப்படுவது அதற்கில்லை. நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்த வேலைக்கு. "எங்க பையன் ஒரு பழைய வீடியோ கேம் கேசட்டுக்குப் பேட்டரி மாத்தினான்" என்று சொன்னால் அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பெருமையைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன். நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மட்டும் நீ அதைப் பார்த்ததில்லை.

அந்தக் கையடக்க கேமை உன் நைனா கொண்டுவந்தபோது நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அது பலாப்பழ காலம். பிக்கப் வண்டியில் பழம் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து அமிர்தி வழியாக இறங்கி, வேலூர் மண்டியில் போட்டுவிட்டு வரும்போது, பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் பாய் கடையில் அதைப் பார்த்திருக்கிறார். வண்டியில் மிச்சமிருந்த இரண்டு பழத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரே ஒரு கேசட். "இதுல வெவசாயம் பண்ணலாம்னு பாய் சொன்னாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலையில பண்றது போதலியா, பொட்டியில வேற பண்ணணுமா" என்றேன். உனக்காகத்தான் வாங்கினார். சண்டையும் இல்லை, காரும் இல்லை என்று உனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் பெயர் கேட்டு ஆங்கில எழுத்துகளை வரிசையாகக் காட்டியது. உன் நைனாவுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஓ என்ற எழுத்தைப் பார்த்து, "இது சக்கரம் மாதிரி கீது" என்று அதையே நான்கு முறை அழுத்தினார். "நாலு சக்கரம். நம்ம வண்டி." அன்றிலிருந்து அந்தக் கேசட்டுக்குள் இருக்கும் கடைக்காரன், கொல்லன், கோழிக்காரி எல்லோரும் அவரை "ஓஓஓஓ" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அதை அப்படியே வாசிக்கும்போது நீ தரையில் புரண்டு சிரிப்பாய். அவரும் "இன்னாடா சிரிப்பு, மரியாதையாத்தான் கூப்புடறாங்க" என்பார்.

திரையில் வரும் வசனத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது அப்படித்தான். அப்போது நான் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் புத்தகத்தைத் தொட்டதில்லை. வகுப்புக்குத் திருவண்ணாமலை போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரியாததைக் கேட்காமலே பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆங்கிலத் தாள் ஒருமுறை போய்விட்டது. வீட்டில் உன் நைனா விடமாட்டார். "இன்னா சொல்றான் அவன்? சரியா சொல்லு." தப்பாகச் சொன்னால் ஆட்டத்தில் அவர் கடை மூடின நாளில் கடைக்குப் போய் நிற்பார். "உன் இங்கிலீசை நம்பி வந்தேன் பாரு" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். அடுத்த முறை அந்தத் தாளில் தேறினேன். எப்படித் தேறினாய் என்று கேட்டவர்களிடம் நன்றாகப் படித்தேன் என்று மட்டும் சொன்னேன். புது இடத்தில் உனக்குப் புரியாதது வந்தால் கேட்டுவிடு, தம்பி. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், கேட்டால் சிரிக்காத ஆள். சிரித்தாலும் உன் நைனா மாதிரி சிரிக்கிற ஆள். அப்படி ஒருவரைச் சீக்கிரம் கண்டுபிடித்துக்கொள்.

அந்த ஆட்டத்தில் கொல்லையை உழுது விதை போட்டுவிட்டு, தினமும் பூவாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் சில நாளில் கிழங்கு வந்துவிடும். உன் நைனா ஊற்றமாட்டார். "வானம் பாத்த கொல்லைக்கு எவன்டா குடம் தூக்கிகினு போவான்? தொட்டிச் செடியா இது?" நீ தலையில் அடித்துக்கொள்வாய். "நைனா, இது கேமு. தண்ணி ஊத்துனாதான் வளரும்." "மழை வந்தா வளரும், பேசாம கெட." ஆட்டத்தில் நாம் நகர்த்தும் பையனின் வீட்டுக்குள் ஒரு டிவி இருக்கும். அதைப் போட்டால் மறுநாள் வானிலை சொல்லும். தினமும் நான் அதை வாசிக்க வேண்டும். வெயில் என்றால் கொல்லைப் பக்கமே போகமாட்டார், மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு, நாயோடு சுற்றிவிட்டு, பையனைப் படுக்க வைத்துவிடுவார். படுத்து எழுந்தால்தான் அங்கே அடுத்த நாள் பிறக்கும். மழை என்று நான் வாசித்த அன்றைக்குத்தான் விதைப் பையை எடுப்பார். சாமை விதைக்க வானத்தைப் பார்க்கிற அதே கண்ணோடு அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பார். அந்த டிவி ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "இந்த ஊருல பொறந்திருக்கலாம்மே" என்பார்.

இப்படிப் பண்ணினால் பயிர் முற்றுவதற்குள் பருவம் மாறிவிடும். ஒருமுறை பாதி வளர்ந்த கிழங்கெல்லாம் ஒரே ராத்திரியில் காய்ந்து போனது. உனக்கு அழுகை வந்துவிட்டது. அவர், "பருவம் தப்பிப் போட்டா மலையிலயும் இதான்" என்று மறுபடி உழ ஆரம்பித்தார். முதல் விளைச்சல் வந்தபோது அதில் ஒன்றை விற்காமல், ஆற்றங்கரையில் இருந்த மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். நம் கொல்லையில் முதல் கதிரைச் சாமிக்கு வைக்காமல் யாரும் வாயில் போடுவதில்லையே, அதேபோல. ஆட்டத்தில் தரையில் போட்ட பொருள் மறுநாள் தானாக மறைந்துவிடும். காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிச்சு" என்றார். நீ எதையோ சொல்ல வாயெடுத்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அன்றைக்கே உன்னைப் பற்றி எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

நீ பத்தாவது படிக்கும்போதுதான் பூச்சி வந்தது. ஒரு சாயங்காலம் கொல்லை முழுவதையும் உழுது முடித்திருந்தார். டிவியைப் போட்டு நான் வாசித்தேன், நாளை மழை. விதைப் பை கையில் இருந்தது. விதைக்காமல் திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "பூச்சி ஓடுதும்மே. கறுப்பா, நூலு நூலா. இத்தினி பூச்சி இருக்கும்போது வெதைக்கக் கூடாது. போவட்டும், அப்பறம் போடலாம்." அந்த நாளை அப்படியே சேவ் பண்ணி அணைத்துவிட்டார். புதுசாக ஏதோ பூச்சி விட்டிருக்கிறார்கள் என்றே நானும் நினைத்தேன். நீதான் எழுந்து வந்தாய். "எங்க நைனா பூச்சி? ஒண்ணும் இல்லியே" என்று மறுபடி ஆன் பண்ணிப் பார்த்தாய். பிறகு திரையை ஒதுக்கிவிட்டு, "இப்ப அந்த வெள்ளைச் செவுத்தப் பாரு. அங்க தெரியுதா?" என்றாய். "ஆமாடா, இங்கயும் ஓடுது." நீ அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்கு வந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாய். "அம்மா, பூச்சி கேம்ல இல்ல. நைனா கண்ணுல."

மறுநாளே வேலூருக்குப் போனோம். சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருப்பதும் போயிருக்கும் என்றார் டாக்டர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தங்கியது. அந்த வெளிச்சத்தில்தான் இன்றைக்கும் அவர் கைத்தடி இல்லாமல் கிணற்றடி வரைக்கும் போய்வருகிறார். அது நீ கொடுத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். வண்டி சித்தப்பாவிடம் போனது. கேம் அலமாரிக்குப் போனது. எப்போதாவது நீ அதை எடுத்து, ஆன் பண்ணி, கொல்லையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அணைத்து வைப்பாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் தரமாட்டாய். ஒருமுறை காரணம் கேட்டேன். "நைனாவுக்குக் கண்ணு இருந்தப்ப கடைசியா வெச்சதும்மா. யாராவது ஆடி சேவ் பண்ணிட்டா போயிடும். அப்படியே இருக்கட்டும்" என்றாய். நான் சரி என்றேன்.

பிறகு நீ வேலூரில் டிப்ளமா சேர்ந்தாய், சாயங்காலங்களில் போன் சர்வீஸ் கடையில் வேலை கற்றுக்கொண்டாய். அங்கே யாரோ சொல்லித்தான் உனக்கு அது தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிப் பழைய கேசட்டுக்குள் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், ஆடி வைத்ததையெல்லாம் அதுதான் நினைவில் வைத்திருக்கும், அது தீர்ந்தால் எல்லாமே போய்விடும் என்று. அந்த வாரம் நீ ஊருக்கு வந்ததும் என்னோடு பேசக்கூட இல்லை. கேசட்டின் திருகாணி நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் எதற்கும் பொருந்தவில்லை. பழைய பேனாக் குழாயின் முனையை நெருப்பில் காட்டி இளக்கி, திருகாணிமேல் அழுத்தி, ஆறவிட்டு, அதையே டிரைவராக்கித் திறந்தாய். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உன் முகம் சுருங்கியது. "மூணு வோல்ட் இருக்கணும்மா. ரெண்டரைகூட இல்ல." போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒருநாள் ஆன் பண்ணா எல்லாம் புதுசா இருக்கும். உன் பேரு இன்னான்னு கேக்கும்."

உன் நைனா கட்டிலில் இருந்தபடி, "போனா போவுது வுடுடா. பொம்மைதான" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். வெளியே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அவசரப்பட்டு அன்றைக்கே கை வைக்காமல் போனாயே, அதைச் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியைக் கழற்றினால் அந்த நிமிடமே அழிந்துவிடும், அதனால் கழற்றும்போது வேறொரு பேட்டரி வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றாய். கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவைக்க ஒரு கருவி உண்டாம், அது நம்மிடம் இல்லை. நீ அதே பாய் கடைக்குப் போய் உடைசல் பெட்டியிலிருந்து இரண்டு கேசட் வாங்கிப் பழகினாய். முதலாவது போய்விட்டது. அன்றைக்குப் போனில் உன் குரலே சரியில்லை. கேம் போனதற்கு வருத்தப்படுகிறாய் என்று நினைத்து, அது உடைசல்தானே என்றேன். "இல்லம்மா. உள்ள யாரோ ஒரு புள்ள பேரு இருந்துச்சு. ரொம்ப தூரம் ஆடி வெச்சிருந்துச்சு. என் கையால போச்சு" என்றாய். தம்பி, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் ஆட்டத்துக்காக வருத்தப்படுகிறவனைத்தான் நான் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்குத் தபால் பையைக் கட்டிக்கொண்டே எனக்குள் சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் உன் கையில் ஆயிரம் எலெக்ட்ரானிக் போர்டு வரும், போகும். எல்லாவற்றுக்குள்ளும் யாருடையதோ ஒன்று இருக்கும் என்கிற அந்த நினைப்பு உனக்குத் தேய்ந்துவிடக் கூடாது. இரண்டாவது கேசட் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நம்முடையதைத் தொட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையை இரண்டு முறை கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். டிவி ரிமோட்டில் இருந்த பென்சில் பேட்டரி இரண்டையும் ரப்பர் போட்டுக் கட்டி, முடி போன்ற இரண்டு ஒயரை அதிலிருந்து இழுத்து, கேசட்டின் பச்சைத் தகட்டில் பற்றவைத்தாய். சால்ட்ரிங் அயர்னில் துளி கரண்ட் கசிந்தாலும் உள்ளே இருப்பது அழியும் என்று, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் முனையைக் கொண்டுபோனாய். சூடு ஆறினால் மறுபடி செருகுவாய், காத்திருப்பாய், பிடுங்குவாய், வைப்பாய். உன் நைனா மழைக்குக் காத்திருந்த மாதிரியே இருந்தது. உன்னிடம் அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய், கை ஆடியிருக்கும்.

பழைய பேட்டரி கழன்று வந்தது. புதியதின் ஒரு காலைப் பற்றவைத்துவிட்டாய். அப்போதுதான் கரண்ட் போனது. அதே நேரம் தாங்கிக்கொண்டிருந்த ஒயரில் ஒன்று பற்று விட்டுத் தூக்கிக்கொள்ளப் பார்த்தது. நீ விரலால் அமுக்கிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் பேசினாய்.

"அம்மா, விளக்கமாத்துல ஒரு ஈர்க்கு ஒடச்சிக் கொண்டா. சீக்கிரம். இந்த ஒயரை இப்படியே அழுத்திப் புடிச்சிக்கோ. வுட்டா போச்சு."

நான் பிடித்துக்கொண்டேன். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

"நான் இன்னாடா பண்ணட்டும்?" என்றார் உன் நைனா.

"நீ பேசாம ஒக்காரு நைனா."

"அதான் பண்ணிகினு கீறேன்." பிறகு என்னைக் கேட்டார். "கை நோவுதாமே?"

"இல்லங்க."

"நோவாது அவளுக்கு. ஒண்ணப் புடிச்சா வுடமாட்டா. என்னையே இத்தினி வருசமா புடிச்சிகினு கீறா."

"நைனா, சிரிப்பு காட்டாத. அம்மா கை ஆடும்."

"உங்கம்மா கை ஆடாதுடா. ஆபீஸ்ல முத்திரை குத்தறா பாரு, ஒரு எழுத்து கலையாது." சொல்லிவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குக் குரலை வைத்தே தெரியும். "ஏம்மே, நெசமா இன்னும் கீதா உள்ள?"

"தெரியலங்க. ஆன் பண்ணாதான் தெரியும்."

அடுப்பில் வைத்த சாமைச் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. "அடுப்பு" என்றேன். அவர் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே போய் இறக்கி வைத்துவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ, விரல்கள் மரத்துவிட்டன. பொம்மைக்காகவா இப்படி என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் நீ பிளக்கைச் செருகினாய். அயர்ன் சூடேறும் வரை காத்து, பிளக்கைப் பிடுங்கி, பற்று விட்ட ஒயரை மறுபடி பற்றவைத்து, புதிய பேட்டரியின் இன்னொரு காலையும் வைத்து, கடைசியாக இரண்டு ஒயரையும் எடுத்தாய். மூடாமலே கேசட்டைப் போட்டு ஆன் பண்ணினாய். என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும்போது வரும் அந்தப் பாட்டு வந்தது.

"இன்னாமே? பேரு கேக்குதா?"

நான் கண்ணைத் திறந்து வாசித்தேன். "கேக்கல. ஓஓஓஓன்னு கீது."

"கொல்லை?"

"உழுதபடியே கீதுங்க."

"வெத?"

"பையில."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நீ அப்போது குனிந்து பேனாக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தாய், அதனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய இரண்டு கட்டைவிரலும் முழங்கால்மேல் அசைந்துகொண்டிருந்தன. வலது விரல் அழுத்தியது, இடது விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. கொல்லையைச் சுற்றி ஒரு நடை போய் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நடையை எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பஸ் ஏறும்போது நீ என்னிடம் சொன்னாய். "எப்ப வேணா எடுத்துப் பாரும்மா, இனிமே ரொம்ப வருசம் தாங்கும். சேவ் மட்டும் பண்ணிடாத." அதற்கும் நான் சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

போன வாரம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அதை எடுத்து ஆன் பண்ணினேன். உன் நைனா கதவோரம் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பையனை வீட்டுக்குள் கூட்டிப்போய் டிவியைப் போட்டேன். எனக்குப் பொத்தான் பழக்கமில்லை, இரண்டு முறை சுவரில் முட்டினேன். இத்தனை வருடத்தில் நான் அதை வாசித்திருக்கிறேனே தவிர, கையில் வாங்கி ஆடியதில்லை. ஆட வேண்டும் என்று ஆசை இருந்தது. கேட்டதில்லை.

"இன்னா சொல்றான்?" என்றார் கதவோரத்திலிருந்து.

"நாளைக்கு மழையாம்."

பிறகு மெதுவாக, "பூச்சி கீதா?" என்றார்.

"இல்லங்க. ஒண்ணுகூட இல்ல."

"உம்" என்றார். அவ்வளவுதான். அவர் அதற்கு மேல் கேட்கமாட்டார், சேவ் பண்ணாதே என்று நீ சொன்னது அவருக்கும் தெரியும். நான் சேவ் பண்ணாமல் அணைத்து அலமாரியில் வைத்தேன்.

தம்பி, நீ அந்தக் கொல்லையைக் காப்பாற்றிக் கொடுத்தது உன் நைனாவின் கண் கடைசியாகப் பார்த்த இடம் அது என்பதற்காக. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கண் போனவர் போய்விடவில்லை. கதவோரம்தான் உட்கார்ந்திருக்கிறார். மண் வாசனையை வைத்தே எந்தப் பக்கம் மழை இறங்குகிறது என்று இன்றைக்கும் சொல்கிறார், நம் கொல்லையில் எப்போது விதைக்கலாம் என்று சித்தப்பா இவரிடம் வந்துதான் கேட்கிறார். அந்தக் கேசட்டுக்குள் மட்டும் அவரை ஏன் பூச்சியைப் பார்த்த அந்தச் சாயங்காலத்திலேயே நிற்க வைத்திருக்க வேண்டும்?

நான் கேட்க வந்தது இதுதான். அவர் சொல்லட்டும், நான் பொத்தானை அழுத்துகிறேன். திரையில் தெரிவதை முன்பு போலவே வாசித்துச் சொல்கிறேன். பூவாளியைத் தொடமாட்டோம், மழைக்குத்தான் காத்திருப்போம். முதல் கிழங்கை மரத்தடியில் வைப்போம். ஆனால் நாங்கள் விதைத்தது அணைத்ததும் அழிந்துபோகாமல் இருக்க வேண்டும். அதற்கு நான் சேவ் பண்ண வேண்டும். நீ வைத்துக்கொண்டிருக்கும் அந்த நாள் போய்விடும். உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். சரி என்று சொல்வாயா?

போனில் சொல்லாதே, ஸ்பீக்கரில் இருக்கும். ஒரு தபால் கார்டு போடு. யார் கண்ணிலும் படாமல் நேராக என் கைக்குத்தான் வரும். வந்த அன்றைக்கே விதைத்துவிடுகிறோம். மறுநாள் மழை.

உன் அம்மா